முப்பத்து நாலு டிகிரி

கூரை ஷீட்டின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது, மே மாதம், மணி பதினொன்றரை, வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை, வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலில் நிற்கிறேன், ஒரு சொட்டு என் படிவத்தின் மேல் விழுந்து எழுத்து கலைகிறது, கூரைமேல் யார் என்று கேட்கிறேன், எங்க வூட்டுக்காரருதான் மேடம், காலைலேர்ந்து கொடம் கொடமா ஊத்திக்கினு கீறாரு, நீங்கோ வரச்சொல்ல வூடு அனலா அடிச்சா நல்லாவா இருக்கும் என்கிறாள் லூர்துக்கா, வாசலைக் கழுவி முகத்தையும் கழுவி பவுடர் போட்டிருந்தாள், அவ்வளவு தண்ணீர் ஏது என்று நான் கேட்கவில்லை, லாரி இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வரும் என்பது எனக்குத் தெரியும்.

முந்தின நாள் நான்தான் அந்தக் கால்வாய்க்கரைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தேன், நாளைக்கு வீட்டுச் சூட்டை அளக்க வருகிறோம், ஆள் இருங்கள் என்று, எதற்காக அளக்கிறோம் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும், முப்பத்தெட்டைத் தாண்டினால்தான் திட்டத்தில் சேர்ப்பார்கள், கூரைக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு, உள்ளே சூடு இறங்காமல் தடுப்பு, எல்லாம் இலவசம், நாற்பது வீட்டிலும் நின்று இதை விளக்க எனக்குப் பொறுமை இல்லை, கால் வலி, போதும் என்று கிளம்பிவிட்டேன், பெரிய ஆபீசர் வருகிறார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள், மறுநாள் சன்னலுக்குச் சன்னல் ஈரச் சாக்கு, இரவல் வாங்கிய டேபிள் ஃபேன், எனக்கு எலுமிச்சை ஜூஸ், நான் குடித்தேன், நன்றாகவே இருந்தது.

உள்ளே கட்டிலில் லூர்துக்காவின் மகள் பிலோ, பதினாறு வயது, வெயில் ஏறினால் வலிப்பு வந்துவிடும், போன வருஷம் அடுப்புப் பக்கம் விழுந்து முழங்கை வெந்துபோன தழும்பைக் காட்டினாள், இன்னிக்கி பாருங்க மேடம், எவ்ளோ தெளிவா கீறா என்று அம்மாக்காரிக்குப் பெருமை, நான் வெப்பமானியைப் பார்க்கிறேன், முப்பத்து நாலு புள்ளி எட்டு, எழுதினேன், பக்கத்திலேயே குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது, கூரையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று நாலு வார்த்தை எழுதினால் இன்னொரு நாள் வந்து அளந்திருப்பார்கள், இன்னொரு நாள் என்றால் நான்தான் வர வேண்டும், இன்னும் முப்பது வீடு பாக்கி, கட்டத்தைக் காலியாக விட்டேன்.

பிறகு ஆபீசில் ஏசி அறை, திரையில் நகரத்தின் வரைபடம், சிவப்புத் தெருக்களுக்கு நடுவே அந்தத் தெரு மட்டும் பச்சையாக, அட, இங்கே மக்கள் தாங்களாகவே வெப்பத்துக்குத் தங்களைத் தகவமைத்துக்கொண்டிருக்கிறார்களே, இதைத் தனியாக ஆய்வு செய்யலாம் என்றார் ஒரு அதிகாரி, எல்லாரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன், அந்தத் தலையாட்டல் இப்போதும் கனவில் வருகிறது, தெரு மொத்தமும் கூரைமேல் ஏறிக் குடத்தைக் கவிழ்க்கிறது, எண் இறங்கிக்கொண்டே போகிறது, நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தால் வாய் நிறைய ஜூஸ், விழித்தால் அறை குளிர்ந்திருக்கிறது, எனக்கென்ன, என் வீட்டில் ஏசி இருக்கிறது.

அடுத்த கோடையில் பக்கத்துத் தெருவுக்குப் போகிறேன், அங்கே கூரையெல்லாம் வெள்ளை, கண் கூசுகிறது, மேடம் என்று குரல், லூர்துக்கா, பின்னால் பிலோ, நெற்றியில் ஏழு தையல், இந்த மாசம் மட்டும் நாலு தபா வுழுந்துட்டா, எங்க தெருவ மட்டும் ஏன் வுட்டுட்டாங்கோ, நாங்கோ எதுனா தப்பா பேசிட்டமா என்று கேட்கிறாள், உங்கள் வீடுகளில் சூடு குறைவாக இருந்தது அக்கா, அதனால்தான் என்றேன், அவளுக்குப் புரிந்துவிட்டது, அது நாங்கோ ஊத்துன தண்ணியாலதான மேடம், நீங்கோ அன்னிக்கிப் பாத்தீங்கல்ல.

இல்லக்கா, நான் கவனிக்கலையே என்றேன்.

பிலோ என்னை நிமிர்ந்து பார்த்தாள், லூர்துக்கா நம்பிவிட்டாள், அதுவும் சரிதான், வெயில்ல அத்தினி வூடு ஏறி எறங்குறீங்கோ, எத்தன்னு தான் பாப்பீங்கோ, எங்க மேலதான் தப்பு மேடம் என்றாள்.