கிணற்றில் வைத்த கால்

சிந்தாமணியின் கணுக்காலில் கொப்புளம் உடைந்த மறுநாள் காலை, வைரக்கண்ணு அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றுக்குள் இறக்கினான். கட்டிய பெண்டாட்டியைக் கிணற்றில் இறக்குகிறவன் என்ன மனுஷன் என்று அவசரப்பட்டுத் திட்டிவிடாதீர்கள். அது படிக்கிணறு. பதினெட்டுப் படி இறங்கினால்தான் தண்ணீர். ஈரப் படியில் அவளை உட்கார வைத்துக் காலைத் தண்ணீருக்குள் விடச் சொன்னான். விட்டதுதான் தாமதம், விடிய விடிய அனத்தியவள் 'அப்பாடா' என்று கண்ணை மூடினாள். அவனுக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

குன்னத்துக்குத் தெற்கே இரண்டு கல் தொலைவில் இருந்த அந்தத் தெருவுக்கு அது ஒன்றுதான் குடிதண்ணீர். வைரக்கண்ணுவின் பாட்டன் வெட்டிய கிணறு. தெருவில் இருபத்திரண்டு வீடும் அதில்தான் இறங்கி மொண்டது. மொள்ளலாம், போகலாம், அவ்வளவுதான். நோவுக் காலை நனைத்துக்கொண்டு ஆற அமர உட்காருகிற உரிமை வெட்டியவன் வகையறாவுக்கு மட்டும் என்று பாட்டன் ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார். இன்னும் அது நடப்பில் இருந்தது. வைரக்கண்ணுவுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

நோய்க்குப் பெயர் நரம்புச் சிலந்தி. அந்தச் சித்திரையில் தெருவில் ஏழு வீட்டில் படுத்துக் கிடந்தார்கள். எதிர் வீட்டுக் கலியம்மாளின் புருஷன் நல்லதம்பிக்குப் புண்ணில் நூல்போல வந்ததை இழுக்கும்போது அது பாதியில் அறுந்து, கால் வீங்கிச் சீழ் வைத்து, இப்போது முழங்கால் மடங்கவே இல்லை. கோடை உழவுக்குக் கலியம்மாள்தான் ஏர் பிடித்தாள். சிந்தாமணியின் காலும் அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் வைரக்கண்ணுவின் பயம். பருத்திக் காட்டிலும் வெங்காயக் கொல்லையிலும் அவள் கை விழுந்தால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும். அதைவிட, அவள் வலியில் கத்துவதை அவனால் பார்க்க முடியவில்லை. இருபது வருஷத்தில் அவள் ஒரு நாளும் கத்தியவளில்லை.

என்ன நோய் இது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். அரியமுத்து என்று ஒருவர், புண்ணிலிருந்து வெள்ளை நூல்போல எட்டிப் பார்ப்பதை ஈர்க்குச்சியில் பிடித்து நாளுக்கொரு சுற்றாகச் சுற்றி எடுப்பவர். அது உடம்புச் சூட்டில் கழன்ற நரம்பு என்றார் அவர். அதெல்லாம் இல்லை, சிலந்தி மூத்திரம் பட்ட இடம் என்றாள் பக்கத்து வீட்டு ரத்தினம்மாள். வைரக்கண்ணு யாரையும் மனம் நோகவிடாதவன், இரண்டையும் நம்பினான். நரம்புக்கு விளக்கெண்ணெய் தடவினான், சிலந்திக்கு வேப்பிலை அரைத்துப் பூசினான். எரிச்சல் எள்ளளவும் குறையவில்லை. குன்னம் சாவடிக்கு ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து காலரா ஊசி போடுகிறார் என்று கேள்விப்பட்டதும், ஒரு களிம்பாவது கிடைக்கும் என்று கிளம்பினான். தான் திரும்பி வரும்வரை காலை எடுக்காதே என்று சிந்தாமணியிடம் சொல்லிவிட்டுத்தான் போனான்.

இன்ஸ்பெக்டர் சிவசுப்பிரமணியன் ஒல்லியான மனிதர், காக்கி அரைக்கால் சட்டை, தொண்டை கட்டிய குரல். களிம்பு கேட்டவனிடம் அவர் கிணற்றைப் பற்றி விசாரித்தார். படிக்கிணறா என்றார். ஆமாம் என்றான். இந்த வருஷம் எத்தனை பேருக்கு என்றார். ஏழு வீட்டில் என்றான். போன வருஷம் யார் யாருக்கு இருந்தது என்று கேட்டார். தனக்கு மட்டும்தான் என்று சொல்லி, வேட்டியை ஒதுக்கிக் கெண்டைக்காலில் இருந்த தழும்பைக் காட்டினான்.

"அப்ப எரிச்சலுக்கு என்ன பண்ணினீங்க?" என்று கேட்டார் அவர்.

"கிணத்துலதான் சார் காலை வச்சுக்கிட்டுக் கெடந்தேன். மூணு நாளு. எங்க பாட்டன் வெட்டுனது, எங்களுக்கு அந்தப் பாத்தியதை உண்டு."

சிவசுப்பிரமணியன் ஊசியைக் கீழே வைத்தார். பிறகு அவர் சொன்னதெல்லாம் வைரக்கண்ணுவின் ஒரு காதில் நுழைந்து மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அது நரம்புமில்லை, சிலந்தியுமில்லை, புழுவாம். புண்ணில் தண்ணீர் பட்டதும் குஞ்சுகளைத் தண்ணீருக்குள் விட்டுவிடுமாம். கண்ணுக்குத் தெரியாத குஞ்சு. தண்ணீரில் இருக்கிற பொடிப் பூச்சிகள் அதைத் தின்னுமாம். தண்ணீரோடு பூச்சியையும் குடித்தவன் உடம்பில் அது ஒரு வருஷம் சத்தமில்லாமல் வளர்ந்து, கால் வழியாக வெளியே வருமாம். நோவுக் காலோடு யாரும் கிணற்றில் இறங்கக் கூடாது, படியை அடைத்துச் சுவர் எழுப்பி வாளி போட்டு இறைக்க வேண்டும், அதுவரை துணியை மடித்துக் கட்டித் தண்ணீரை வடிகட்டித்தான் குடிக்க வேண்டும் என்றார். புழுவை வெடுக்கென்று இழுக்காதே, அறுந்தால் ஆபத்து என்றும் சொன்னார். களிம்பு இல்லை என்றார்.

திரும்பி நடக்கையில் அவனுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. குடித்தது வயிற்றுக்குத்தானே போகும், காலுக்கு எப்படி இறங்கும்? கண்ணுக்கே தெரியாததை இந்த மனிதர் எங்கே பார்த்தார்? அந்தத் தண்ணீரை நாமும்தானே இத்தனை வருஷம் குடித்தோம்? அதனால்தான் நமக்கு வந்ததோ? அப்படியானால் நமக்குக் கொடுத்தவன் எவன்? ஒரு கேள்வியை ஓரமாகத் தள்ளினால் இன்னொன்று வந்து நின்றது. போன சித்திரையில் ஒரு கால். இந்தச் சித்திரையில் ஏழு வீடு. கூட்டிக் கழித்துப் பார்த்தான், தப்பிக்க வழி கிடைக்கவில்லை.

பாதித் தூரம் வந்த பிறகுதான், சிந்தாமணி இப்போது எங்கே இருக்கிறாள் என்பது அவனுக்கு உறைத்தது. பாவி மனுஷன், இவ்வளவு நேரம் எதையெதையோ யோசித்தானே! ஓடினான். நாலு எட்டு வைத்ததும் நின்றான். இன்ஸ்பெக்டர் சொன்னது பொய்யாக இருந்தால், அந்தப் பெண்பிள்ளைக்குக் கிடைத்த கொஞ்ச ஆறுதலையும் வீணாகப் பிடுங்குகிறோம். மெய்யாக இருந்தால், நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் பாவம். மெய்யா பொய்யா என்று தெரியாமலே மறுபடி ஓடினான்.

கிணற்றில் கலியம்மாள் குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு படி தள்ளிச் சிந்தாமணி தண்ணீரில் காலை விட்டபடி சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு தூங்குகிறாளோ. வைரக்கண்ணு அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு பதினெட்டுப் படியும் ஏறினான். தண்ணீரை விட்டு வந்ததும் எரிச்சல் பிடித்துக்கொண்டது. அவள் அலறி விழித்து அவன் தோளில் குத்தினாள். இறக்கிவிடு என்று கெஞ்சினாள். கிணற்றைத் தாண்டிப் பூவரச மரத்தடிக்குப் போய்த்தான் இறக்கினான்.

"உங்க காலு எரிஞ்சப்ப நானா உங்களை வெளிய இழுத்தேன்?" என்று அழுதாள் சிந்தாமணி. "மூணு நாளும் சோத்தை அங்கயே கொண்டாந்து குடுத்தேனே, மறந்துட்டீங்களா?"

அவனுக்கும் அழுகை வந்துவிட்டது. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நீ இழுத்திருக்கணும் புள்ள. இழுத்திருந்தா இன்னைக்கு உன் காலு எரியாது."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சாவடியில் கேட்டதை முன்னும் பின்னுமாக உளறிக் கொட்டினான். புழு என்றான், பூச்சி என்றான், ஒரு வருஷம் என்றான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது பைத்தியக்காரன் பேச்சாகப் பட்டது. ஆனால் குடத்தோடு மேலே வந்து நின்றிருந்த கலியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"அப்ப எங்க வூட்டுக்காரரு காலு உங்களாலதானாண்ணே?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது பாதி நிஜமும்கூட. யார்தான் கண்ணால் கண்டார்கள்? ஏர் பிடித்துக் காய்த்துப் போன அவள் கையைப் பார்த்தான், வாயில் பொய் வரவில்லை.

"ஆமா தாயி. அப்படித்தான் சொல்றாரு."

கலியம்மாள் திட்டுவாள் என்று காத்திருந்தான், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுகூட நினைத்தான். அவள் இடுப்புக் குடத்தை இறக்கி, சிந்தாமணியின் பக்கத்தில் குந்தி, எரிகிற அந்தக் காலின் மேல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். சிந்தாமணியின் முனகல் மெல்ல அடங்கியது. குடம் காலியானதும் கலியம்மாள் அதை வைரக்கண்ணுவிடம் நீட்டினாள். இன்னொரு குடம் மொண்டு வரச் சொன்னாள்.