வலது காலுறை

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் வலது காலுறையில். கொடியிலிருந்து எடுத்தபோது அது மட்டும் தொளதொளவென்று இருந்தது. போட்டிருந்த கால் வீங்கி அதை இழுத்திருக்கிறது. டாக்டரிடம் போகாமல் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். இன்னொருவர் காலாக்கிவிட்டால் கொஞ்சம் நிம்மதி அல்லவா? ஆகவே வருஷம் 1931. இடம் மயிலாப்பூர், சாந்தோம் கோயிலுக்குப் பின்தெரு. கால், அகஸ்டின் வாத்தியாருடையது.

2

'வாட்டசாட்டமான அகஸ்டின் அன்று காலை—'

வேண்டாம். அவர் ஒல்லி. ஒல்லியானவருக்குத்தான் ஒரு கால் மட்டும் தனியாகத் தெரியும்.

காலையில் ஒன்றும் இருக்காது. பள்ளிக்கூடத்தில் நின்று பாடம் நடத்திவிட்டு வந்தால் வலது கணுக்கால் வீக்கத்தில் காணாமல் போயிருக்கும். அவ்வப்போது குளிர்காய்ச்சல் வேறு.

"இன்னாங்க இது, வலது ஸாக்ஸ் மட்டும் தொங்குது?" என்றாள் மனைவி ஜோன்.

"துணி மட்டம்."

"ரெண்டும் ஒரே துணிதானே? மாறிடக் கூடாதுன்னு இதுல சிவப்பு நூல் தெச்சி வெச்சேன். மறுபடி இதுதான் லூசா கீது."

அவர் பேச்சை மாற்றினார். (ஜோனை இவ்வளவு கெட்டிக்காரியாக்க நான் நினைக்கவில்லை. எனக்கே பயமாக இருக்கிறது.)

3

உள்ளூரில் காட்டினால் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் ஜோனுக்கும் சொல்லாமல் ஆழ்வார்பேட்டை டாக்டரிடம் போனார்.

டாக்டர் வலது காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. இடது காலில் விழவேயில்லை. டேப் வைத்து இரண்டையும் அளந்தார்.

"காய்ச்சல் வரும்போது தொடையிடுக்குல நெறி கட்டுதா?"

"கட்டுது."

"ஆனைக்கால்தான் சார். ஆரம்பம். பழையபடி ஆயிடும்னு சொல்ல மாட்டேன், பெரிசாகாமப் பாத்துக்கலாம். தினம் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குல ஈரமில்லாம துடைக்கணும். உக்காந்தா காலைத் தூக்கி வெக்கணும். வீட்ல ஒருத்தர் கூட நிக்கணும். மறைச்சிக்கினு பண்ற வைத்தியம் இல்ல இது."*

(* இந்த வசனத்துக்காக ஒரு டாக்டர் நண்பரைக் கேட்டேன். கதைக்குத்தான் என்றேன். பதில் சொல்லிவிட்டு என் காலைப் பார்த்தார்.)

4

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை. சேசுநாதர் சீடர்களுக்குச் செய்ததுபோல, சுவாமியார் பன்னிரண்டு பேரின் வலது பாதத்தைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். அந்த வருஷம் அகஸ்டினையும் கூப்பிட்டிருந்தார்கள். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வால்டர், அகஸ்டினின் மகள் நோராவுக்கு மாமனாராகப் போகிறவர். பண்டிகை முடிந்ததும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து எல்லோருக்கும் அறிவிப்பதாக ஏற்பாடு. ஆனைக்கால் வீடு என்று ஒரு பேச்சு கிளம்பினால் ஓலையும் இல்லை, கல்யாணமும் இல்லை.

5

முதல் முடிவு: அகஸ்டின் இடது காலை நீட்டுகிறார். சுவாமியார் அதையே கழுவிவிட்டு நகர்கிறார். பெண்கள் பக்கத்திலிருந்து ஜோன் மட்டும் பார்த்துவிடுகிறாள். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை எழுதியபின் எனக்கு நல்ல தூக்கம் வந்தது. பிறகுதான் அந்த வலது கால் காலுறைக்குள் வீங்கிக்கொண்டே இருக்குமே என்று உறைத்தது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவு: வலது காலை நீட்டுகிறார். துண்டால் துடைத்த இடத்தில் சுவாமியாரின் விரல் குழி அப்படியே நிற்கிறது. வால்டர் குனிந்து பார்க்கிறார்.

"வாத்தியாரே, இது—"

இதற்குமேல் வால்டர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிப் பார்த்ததெல்லாம் நான் ஆசைப்படுவதாகவோ பயப்படுவதாகவோதான் இருந்தது.

6

சுவாமியார் முழந்தாளிட்டிருக்கிறார். தண்ணீர் தயார். அகஸ்டின் இன்னும் இரண்டு காலிலும் காலுறையோடு உட்கார்ந்திருக்கிறார்.

டாக்டர் நண்பர் என்னை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார், மனைவியையும் கூட்டிக்கொண்டு. அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள்.

எந்தக் கால் என்று நீங்களே எழுதிவிடுங்கள். நான் எழுதினால் இடது என்றுதான் எழுதுவேன்.