விழாத வண்டி

பர்சானாவின் மூன்று சக்கர ஸ்கூட்டரில் பின் இருக்கையில் உட்கார்ந்தவர்களுக்கு வலி என்பதே இருக்காது. பல்வலி, இடுப்புவலி, கிட்னிக் கல், மனசுக்குள் இருப்பது எல்லாம் உட்கார்ந்ததும் நின்று, இறங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். திருவண்ணாமலையில் ஏழெட்டுத் தெருக்காரர்களுக்கும் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்துக்கும் இது தெரியும். மற்றவர்களுக்குத் தெரியவேண்டிய அவசியம் வரவில்லை. வண்டியோடு கொடுத்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. ஒரு முறை சார்ஜ் போட்டால் எழுபது கிலோமீட்டர் போகும் என்று அதில் இருந்தது. ஐம்பதுதான் போனது.

பர்சானாவின் கணவர் சுஹைல் அந்த அலுவலகத்தில் உதவியாளராக இருந்தார். 2021 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டைத் திறப்பதற்கு முன் மேஜைமேல் தலையைச் சாய்த்தவர் நிமிரவில்லை. தூங்குகிறார் என்று மூன்று மணிவரை யாரும் எழுப்பவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பர்சானா அழவில்லை. அடக்கம் செய்ய ஜனாஸா புறப்பட்டபோதும் அழவில்லை. வந்தவர்களுக்கு டீ போதுமா என்று பார்த்தாள். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த மகள் மெஹ்விஷ் மூன்றாம் நாள் அவள் முன்னால் வந்து நின்று, "உங்களுக்கு அழுகையே வரலையாம்மா?" என்று கேட்டாள். "வரல" என்றாள் பர்சானா. அது உண்மை. அதற்குப் பிறகு மகள் தேவைக்கு மேல் பேசவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் நர்சிங் படிக்கச் சென்னைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு நிமிடம் போன் பேசினாள். சாப்டியா, சாப்டேன், தாத்தா எப்படி இருக்காரு, இருக்காரு. அவ்வளவுதான்.

கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிவதற்குள் பர்சானாவுக்கு உடம்பும் மரத்துப்போயிருந்தது. வெந்நீர் கொட்டினால் கொப்புளம் வந்தது, சுடவில்லை. டாக்டர் ஊசியால் விரல் விரலாகக் குத்திப் பார்த்துவிட்டு நரம்பில் குறை எதுவும் இல்லை என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை அவள் ஒரு வருடம் சாப்பிட்டாள்.

2023 ஜனவரியில் கருணை அடிப்படையில் அவளுக்கு அதே அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சுஹைல் உட்கார்ந்த இடத்துக்கு இரண்டு மேஜை தள்ளி இடம். வீடு கடலைக்கடை மூலைப் பக்கம். போக ஐந்து கிலோமீட்டர், வர ஐந்து. பௌர்ணமி வந்தால் பஸ்ஸும் ஆட்டோவும் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். சுஹைலின் ஸ்கூட்டர் வீட்டில் சும்மா கிடந்ததால் அதைப் பழகப் போனாள். மூன்றாம் நாள் மைதானத்தில் விழுந்தாள். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். வாசலிலிருந்து அடுப்படிவரை தரையில் சிவப்பாக இருந்ததைப் பார்த்து மாமனார் மதார் சாகிப் பின்னாலேயே வந்தார்.

"பர்சானா, காலைப் பாரும்மா."

பார்த்தாள். இடது முட்டியில் தோல் கிழிந்து உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ஆறு தையல். மரத்துப்போகிற ஊசி போட்டாயிற்று என்று நர்ஸ் டாக்டரையும், டாக்டர் நர்ஸையும் நினைத்துக்கொண்டதில் யாருமே போடவில்லை. தையல் முடியும்வரை பர்சானா சுவரிலிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் மதார் சாகிப் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, "விழுந்தாக்கூட உனக்குத் தெரிய மாட்டேங்குது. விழாத வண்டியா பாத்து வாங்கு" என்றார்.

மார்ச் மாதம் வேலூர் ரோட்டில் ஒரு கடையில் அந்த வண்டியைப் பார்த்தார்கள். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, கரண்டில் ஓடுவது, மங்கிய நீலம். கடைக்காரர் மோட்டாரைப் பற்றியும் பிரேக்கைப் பற்றியும் விளக்கியதை எல்லாம் கேட்டுவிட்டு பர்சானா ஒன்றே ஒன்று கேட்டாள். "இது சாயுமா?" "சாயாதுங்க. நீங்க மேல உக்காந்து தூங்குனாகூட அப்படியே நிக்கும்" என்றார் அவர். வாங்கிவிட்டார்கள்.

பழக இரண்டு வாரம் ஆனது. மற்ற வண்டிகளைப் போல வளைவில் உடம்பைச் சாய்க்கக் கூடாது, வேகத்தைக் குறைத்துவிட்டு ஹேண்டில்பாரைத்தான் திருப்ப வேண்டும். பள்ளத்தை ஒதுக்கி ஓட்டுவதும் சாத்தியமில்லை. முன்சக்கரத்துக்குத் தப்பிய பள்ளம் பின்னால் ஏதாவது ஒரு சக்கரத்துக்குக் கிடைத்தே தீரும். பின் டயர் இரண்டிலும் காற்று ஒரே அளவு இல்லையென்றால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பைக் மெக்கானிக்குகள் இது ஆட்டோ என்றார்கள், ஆட்டோ மெக்கானிக்குகள் இது பைக் என்றார்கள். கடைசியில் முருகையன் என்பவர்தான் கை வைத்தார். அவருக்கும் முதலில் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கழற்றிப் போட்டு, மாட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டார். வீட்டில் ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து சார்ஜ் போடுவது மதார் சாகிப்பின் வேலையானது. சாயங்காலம் மஃரிப் தொழுதுவிட்டு வந்து பிளக்கைச் செருகுவார், விடிகாலையில் பஜ்ருக்கு எழுந்ததும் பிடுங்குவார்.

பின் இருக்கையின் விஷயம் ஜூன் மாதம் தெரிந்தது. அலுவலகத்தில் உடன் வேலை பார்த்த சிந்துஜாவுக்குப் பல்வலி. கன்னம் வீங்கி, பேச முடியாமல் இருந்தவளைப் பல் டாக்டரிடம் விட பர்சானா ஏற்றிக்கொண்டாள். கேட்டைத் தாண்டுவதற்குள் சிந்துஜா பேச ஆரம்பித்து, காந்தி சிலைவரை நாத்தனார் கதை சொல்லிக்கொண்டே வந்தாள். பல் டாக்டர் வாசலில் இறங்கியதும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஏதோ தோன்றி மறுபடி வண்டியில் ஏறினாள். இறங்கினாள். மூன்று தடவை ஏறி இறங்கிவிட்டு, "அக்கா, இந்த வண்டில என்னமோ இருக்குதுக்கா" என்றாள். பர்சானா சரி என்றாள். இடது இண்டிகேட்டர் எரியவில்லை என்று யாராவது சொன்னாலும் அப்படித்தான் சரி என்றிருப்பாள். ஓட்டுகிற இருக்கையில் அவளுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. இழப்பதற்கு அவளிடம் வலி இருக்கவில்லை.

அதன் பிறகு ஆட்கள் வந்தார்கள். பிரசவ வலி எடுத்த ஒரு பெண் ஆஸ்பத்திரிவரை சிரித்துக்கொண்டே வந்து, இறங்கிய இரண்டாம் நிமிடம் கத்தினாள். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து தியானம் செய்ததில் முட்டி போன வெள்ளைக்காரர் ஒருவர் ரமணாசிரமம் பக்கத்திலிருந்து வந்து, செங்கம் ரோட்டில் இரண்டு முறை போய்வந்துவிட்டு, வணங்கிவிட்டுப் போனார். பௌர்ணமி மறுநாள் கிரிவலம் வந்து பாதத்தில் கொப்புளம் வந்தவர்கள் பஸ் ஸ்டாண்டுவரை கேட்பார்கள். பர்சானா போகிற வழியென்றால் ஏற்றிக்கொள்வாள், இல்லையென்றால் இல்லை என்பாள். முருகையன் மட்டும் காரணத்தைத் தேடினார். சீட்டில் இருக்கிறது என்று நினைத்து சீட்டை மாற்றினார். பிறகு ஷாக் அப்சார்பர், பிறகு பின் டயர் இரண்டும், பிறகு பேட்டரி. அடுத்த வருடம் மோட்டாரும் மாறியது. ஒவ்வொன்றையும் மாற்றியதும் தன் இடுப்புவலியோடு ஏறி உட்கார்ந்து பார்ப்பார். "அப்படியேதான் இருக்குது மேடம்" என்பார். அதற்குமேல் தேடுவதை நிறுத்திக்கொண்டார்.

அலுவலகத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவள் கவிநிலா. முப்பது வயதுகூட இருக்காது. 2024 நவம்பரில் அவளுடைய நான்கு வயது மகன் இனியன் காய்ச்சலில் இறந்துபோனான். பதினாறு நாள் கழித்துக் கடையைத் திறந்தவள் ஒரு பக்கத்துக்குப் பதில் இருபது பக்கம் எடுத்துக் கொடுத்தாள். சிந்துஜாதான் அவளைப் பின் இருக்கையில் உட்கார வைத்தது. அன்று கவிநிலா நகரம்வரை போய்த் திரும்பி வந்து, இறங்கியதும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுநாளும் வந்தாள். பிறகு தினம் காலையில் கடலைக்கடை மூலைக்கே வந்து காத்திருந்து ஏறிக்கொண்டாள். ஜனவரியில் கடையைப் பூட்டிவிட்டு, நிறுத்தியிருக்கும் வண்டியின் பின் இருக்கையில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருக்கத் தொடங்கினாள். மதியம் சாப்பாட்டையும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்பதால் பர்சானா ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் காலை, வேங்கிக்கால் ஏரிக்கரைப் பக்கம் வந்துகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து கவிநிலா சாதாரணமாகக் கேட்டாள்.

"அக்கா, என் புள்ள பேரு என்னக்கா?"

பர்சானா கொஞ்ச தூரம் ஓட்டிக்கொண்டே போனாள். "இனியன்" என்றாள்.

"ஓ" என்றாள் கவிநிலா. ஜெராக்ஸ் எடுக்க வந்த யாரோ ஒருவரின் பெயரைக் கேட்டுக்கொள்வது போல இருந்தது.

பர்சானா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். "எறங்கு."

"எறங்குனா வந்துடும்கா."

"வரட்டும். எறங்கு."

கவிநிலா இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பர்சானா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இறங்கியதும் கவிநிலா பெயரைச் சொல்லிக் கத்தினாள். ஏரிக்கரையில் உட்கார்ந்து மண்ணில் அறைந்தாள். ரோட்டில் போனவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். தோளில் கை வைக்க வேண்டும் என்று பர்சானாவுக்குத் தெரிந்தது, வைத்தாள். வெயில் ஏறும்வரை வைத்திருந்தாள். கவிநிலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க என்னிக்காவது பின்னாடி உக்காந்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"நான் உக்காந்தா யாரு ஓட்றது?"

"நான் ஓட்றேன். தெனம் பின்னாடி உக்காந்து பாத்துட்டுத்தான இருக்கேன்."

அப்படித்தான் பர்சானா தன் வண்டியின் பின் இருக்கையில் முதல்முறையாக உட்கார்ந்தாள். எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மூன்று வருடத்துக்கும் மேலாக எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. கவிநிலா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, பள்ளங்களில் இறக்கி ஏற்றி, அலுவலக கேட் முன்னால் நிறுத்தினாள். பர்சானா ஒரு காலைக் கீழே வைத்தாள். இன்னொரு காலை வைத்தாள். முதலில் இடது முட்டி வலித்தது. ரத்தம் வருகிறதா என்று குனிந்து பார்த்தாள், வரவில்லை. அடுத்து ஆறு தையலும் ஒவ்வொன்றாக வலித்தன. கை விரல்களில் வெந்நீர் சுட்டது. அதற்குப் பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலை வந்தது. சுஹைல் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். டிபன் பாக்ஸ் மூடியின் ரப்பரைத் தொலைத்துவிட்டார் என்று அவள் கத்திக்கொண்டிருந்தாள். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

கேட்டோரத்துச் சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து பர்சானா மகளுக்குப் போன் போட்டாள்.

"என்னம்மா இந்நேரத்துல? தாத்தாவுக்கு ஏதாச்சுமா?"

"அத்தா டிபன் பாக்ஸ்ல ரப்பர் இல்ல மெஹ்விஷ். குழம்பு ஒழுகுதுன்னு காலைல நான் திட்டி அனுப்புனேன்."

மறுமுனையில் வகுப்பறைக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ் கேட்ல."

"அங்கயே உக்காந்து அழுங்கம்மா. நான் லைன்லயே இருக்கேன்."

அந்த அழைப்பு நாற்பத்தொரு நிமிடம் நீடித்தது. பேச்சு மிகவும் கம்மி. அன்று பர்சானாவின் பெயருக்கு நேரே அரைநாள் விடுப்பு போடப்பட்டது.

வண்டி இப்போது பதினோராயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. முன் பிரேக்கைப் பிடித்தால் கொஞ்சம் சத்தம் வருகிறது, முருகையன் அடுத்த வாரம் பார்க்கிறேன் என்றிருக்கிறார். ஜெராக்ஸ் கடை திறந்திருக்கிறது. மெஹ்விஷ் மாதம் ஒருமுறை ஊருக்கு வருகிறாள். பர்சானா இன்னமும் பெரும்பாலான நாட்களில் எதையும் உணராமல்தான் ஓட்டிக்கொண்டு போகிறாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கவிநிலா ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து வந்து கேட்டில் இறங்குகிறாள். பல்வலிக்காரர்களும் முதுகுவலிக்காரர்களும் இறங்குவதும் அதே இடத்தில்தான். வாட்ச்மேன் சடையன் அங்கே வேப்பமர நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்திருக்கிறார். இறங்குகிறவர்கள் அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு உள்ளே போகிறார்கள்.