நாளைக்கு மூன்று வேளை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். மலேசியாவில் எங்கள் ஊரான கோல சிலாங்கூரில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மருந்துக் கடைக்காரிக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று என் வாப்பா மதார் சாகிபுவே சொல்வார். கடை வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நான் திட்டி அனுப்புகிறவர்களை நிறுத்தி, "மனசுல வச்சுக்காதீங்க, புள்ள பினாங்குல படிச்சது, கொஞ்சம் சூடு" என்று சமாதானம் சொல்லி அனுப்புவது அவர் வேலை. பினாங்கில் படித்ததற்கும் சூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை.

எண்பத்தைந்தாம் வருஷத் தொடக்கத்தில் வள்ளியம்மாவையும் அப்படித்தான் திட்டினேன்.

வள்ளியம்மா ஆற்றங்கரைத் தோட்டத்தில் மருந்தடிப்பவள். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவே முளைக்கும் புல்லைக் கருக்குவதற்கு விஷம் தெளிக்கிற வேலை. மகள் கங்காவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். இருமல் மருந்து வேண்டும் என்று சொல்லி ஒரு காலி ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலை என் முன்னால் வைத்தாள்.

அப்போது அதுதான் வழக்கம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசரிடம் மருந்து வாங்கினாலும் சரி, எங்கள் கடையில் வாங்கினாலும் சரி, பாட்டிலை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். பெரிய ஜாடியிலிருந்து அளந்து ஊற்றிக் கொடுப்போம். சோயா சாஸ் பாட்டில், எண்ணெய் பாட்டில் என்று எதுவும் வரும். கழுவியிருந்தால் போதும் என்று நானும் ஊற்றிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்று மூடியைத் திறந்ததும் ஒரு நெடி அடித்தது. கழுத்தில் கறுப்பாக ஒரு படிவு.

"இதுல என்ன இருந்துச்சு?"

"புல்லு மருந்து மிஸி. மண்டோர் ஊத்திக் குடுத்தது. சாம்பல் போட்டு மூணு தடவ கழுவிட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. தண்ணீர் கலக்காத புல் மருந்து பார்ப்பதற்குக் கோப்பி மாதிரி கறுப்பாக இருக்கும். ஒரு வாய் உள்ளே போனால் போதும். அன்றைக்கு வாய் வெந்து வாந்தி வருவதோடு நிற்கும். ஒரு வாரம் கழித்து நுரையீரல் இறுகத் தொடங்கும். அதற்கு மாற்று மருந்து என்று ஒன்று உலகத்தில் கிடையாது. அதைப் போய் ஆரஞ்சு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருக்கிறான் மேஸ்திரி ஒருவன். வேலை முடிந்ததும் இவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையின் இருமலுக்கு எடுத்து வந்திருக்கிறாள்.

"உனக்கு மூளை இருக்கா? புள்ளைய சாகடிக்கவா பாக்குற?" என்று கடை அதிரக் கத்தினேன். அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். வலது கட்டைவிரலில் நகமே இல்லை. "கையுறை குடுக்கலையா?"

"கேட்டோம் மிஸி. வருது வருதுன்னாங்க."

எங்கள் கடையில் ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டும் விற்போம். ஒரு சின்ன பாட்டில் வாங்க வந்தாலும் பெயர், அடையாளக் கார்டு நம்பர், எதற்காக, எவ்வளவு என்று விஷப் புத்தகத்தில் எழுத வேண்டும். வாங்குகிறவர் கையெழுத்துப் போட வேண்டும், கொடுக்கிற நானும் போட வேண்டும். சட்டம் அப்படி. தோட்டத்து ஸ்டோரில் அதைவிடப் பல மடங்கு கொடிய விஷத்தைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றிக் கொடுக்கிறார்கள். எந்தப் புத்தகமும் கிடையாது, எவன் கையெழுத்தும் கிடையாது.

அந்த ஆரஞ்சு பாட்டிலைப் பின்கட்டில் போட்டு உடைத்தேன். புதிய பழுப்பு பாட்டில் ஒன்றில் இருமல் மருந்தை ஊற்றி, லேபலில் தமிழில் எழுதி ஒட்டினேன். கங்கா முதல் வகுப்பு. கவுண்டரில் தாடையை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"நாளைக்கு... மூன்று... வேளை. ஒரு... கரண்டி."

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் வாசித்ததைக் கேட்டு அவளுக்கு ஒரே பெருமை. எனக்கும் கோபம் கொஞ்சம் இறங்கியது.

"கசக்குமா மிஸி?" என்று கங்கா கேட்டாள்.

"கசக்கும். நாத்தம்கூட அடிக்கும். ஆனா துப்பக் கூடாது. மருந்துன்னா முழுங்கணும். சரியா?"

"சரி மிஸி."

அன்றே வாசலில் போர்டு வைத்தேன். வெளிப் பாட்டிலில் மருந்து ஊற்ற மாட்டோம், பாட்டில் இலவசம். கிள்ளானில் மொத்தக் கடைக்கே போய், நல்ல திருகு மூடி போட்ட பழுப்பு பாட்டில்களாகப் பார்த்து வாங்கி வந்தேன். மழையில் நனைந்தாலும் லேபல் உரியாத பசையும் வாங்கினேன். ஒரே மாதத்தில் ஆற்றங்கரைத் தோட்டத்து லயங்களில் என் பாட்டில் இல்லாத வீடு இல்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. "திட்டுறதுலயும் ஒரு பிரயோசனம் இருக்கு பாத்தீங்களா?" என்று வாப்பாவிடம் பீற்றிக்கொண்டேன்.

தோட்ட மானேஜருக்கு இரண்டு கடிதம் எழுதினேன். புல் மருந்தைச் சாப்பாட்டுப் பாட்டிலில் ஊற்றாதீர்கள், பெண்களுக்குக் கையுறை கொடுங்கள் என்று. இரண்டுக்கும் சேர்த்து ஒரு வரி பதில் வந்தது. கவனத்தில் கொள்ளப்பட்டதாம்.

ஏப்ரலில் மண்டோர் செல்லையா தலைவலி மாத்திரை வாங்க வந்தார். மருந்தடிக்கும் பெண்களுக்கு அவர்தான் மண்டோர். சும்மா சொல்லக்கூடாது, வாய் நிறையப் பாராட்டினார்.

"ஒங்க பாட்டில் ரொம்ப நல்ல பாட்டில் மிஸி. லோரியில எப்படிக் குலுங்கினாலும் ஒரு சொட்டு ஒழுகாது."

நான் சிரித்தேன். நன்றி சொன்னேன். இருமல் மருந்துப் பாட்டில் எதற்கு லோரியில் போகிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஊரெல்லாம் கேள்வி கேட்கிற எனக்கு அன்றைக்கு அந்த ஒரு கேள்வி வாயில் வரவில்லை. பாராட்டு அப்படிக் கண்ணை மறைத்துவிட்டது.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், தோட்டத்து லோரி கடை முன்னால் வந்து நின்றது. வள்ளியம்மா கங்காவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பிள்ளையின் சட்டை முழுக்க வாந்தி. உதடு வெந்த மாதிரி இருந்தது. வள்ளியம்மாவின் இன்னொரு கையில் என் பாட்டில். என் கையெழுத்து, என் கடைப் பெயர்.

திறந்தேன். அதே நெடி.

"மண்டோர் இப்பல்லாம் இதுலதான் மிஸி ஊத்திக் குடுக்குறாரு. மீந்தத நேத்து வீட்டுக்குக் கொண்டாந்தேன். இன்னைக்குப் புல்லு வெட்டுற வேலைன்னுட்டாங்க, அதான் வீட்டுல இருந்துச்சு. எட்டாத எடத்துலதான் வச்சேன். அலமாரி மேல வச்சேன் மிஸி!"

காலையில் இருமல் வந்திருக்கிறது. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். கங்கா முக்காலி போட்டு ஏறி பாட்டிலை எடுத்திருக்கிறாள். லேபலை வாசித்திருக்கிறாள். கரண்டி எடுத்து அளந்து குடித்திருக்கிறாள்.

இந்த விஷத்தை வயிற்றில் கொஞ்சமாவது பிடித்துவைக்கக் கூடியது ஒருவகைக் களிமண் பொடிதான். ஜனவரியிலேயே ஒரு டின் வாங்கி வைத்திருந்தேன். தண்ணீரில் கரைத்து அவள் வாயில் ஊற்றினேன். என் புடவையெல்லாம் சேறு. பாதி உள்ளே போனது, பாதி வெளியே வந்தது. வாப்பா காரைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு குடிச்சேம்மா? ஒரு கரண்டிதானா? அந்த நாத்தத்துக்குத் துப்பியிருக்கலாமே, ஏன் துப்பல?"

கங்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானே மிஸி துப்பக் கூடாதுன்னீங்க."

மிச்சக் களிமண் தண்ணீரை அவள் வாயில் ஊற்றினேன். அவளே சொன்னாள்.

"ரெண்டு வேளதான் மிஸி குடிச்சேன். சாயங்காலம் இன்னும் வரல."

கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்கு இருபத்தெட்டு கட்டை, அதாவது மைல். வழி முழுக்க வள்ளியம்மா, "எட்டாத எடத்துலதான் வச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தாள். டாக்டர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். பன்னிரண்டாம் நாள் கங்கா இறந்துபோனாள். கடைசிவரை அவளுக்கு நினைவு தெளிவாக இருந்தது. அந்த விஷத்தின் குணம் அப்படி. பாவி விஷம்.

போலீஸில் விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

கங்கா விஷம் குடித்த பதினாறாம் நாள் காலை நான் ஆற்றங்கரைத் தோட்டத்துக்குப் போனேன். பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் போகுமுன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, எல்லோரும் வந்திருந்தார்கள். கையில் விஷப் புத்தகத்தை எடுத்துப் போயிருந்தேன். வள்ளியம்மாவும் நின்றாள். நான்கு நாள்தான் லீவாம், அவளுக்கும் அன்றைக்குப் பெயர் கூப்பிட்டார்கள்.

மானேஜர் ஜீப்பை விட்டு இறங்கி வந்தார். நல்ல மனுஷர், குரலை உயர்த்த மாட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"மிஸ் ஜெய்புன்னிசா, நடந்தது ரொம்ப வருத்தம்தான். ஆனா பாட்டில்ல இருந்தது உங்க கடை லேபல். இத நீங்க பெரிசு பண்ணா பிராப்ளம் உங்களுக்குத்தான் லா."

"ஆமா, என் லேபல்தான்," என்றேன். "அதனாலதான் முதல்ல நான் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வந்திருக்கேன். பாருங்க."

பக்கத்தைத் திறந்து காட்டினேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தேன். பொருள், புல் மருந்து. அளவு, இரண்டு கரண்டி. வாங்கியவர், கங்கா, வயது ஏழு. எதற்காக, இருமல். கொடுத்தவர் என்ற இடத்தில் மூன்று வரி விட்டிருந்தேன். முதல் வரியில் என் பெயரும் கையெழுத்தும் இருந்தன.

"அடுத்த ரெண்டு வரி மண்டோருக்கும் உங்களுக்கும். போடுங்க."

"இது என்ன விளையாட்டு?" என்றார் மானேஜர்.

"வெளையாட்டா? சின்ன ஆசிட் பாட்டிலுக்கு நான் நூறு கையெழுத்து வாங்குறேன். ஒங்க ஸ்டோர்ல யார் வாங்குனா? ரெண்டு கடிதம் எழுதினேனே, படிச்சீங்களா இல்ல மூக்குச் சிந்துனீங்களா?"

வாய் மிஞ்சிவிட்டது, தெரியும். அன்று என்னைச் சமாதானம் செய்ய வாப்பா அங்கே இல்லை.

செல்லையா பின்வரிசையிலிருந்து வந்தார். அவர் தாடி எடுக்கவில்லை. "ஊத்தினது நான்தான் மிஸி. ஒழுகாத பாட்டிலுன்னு நான்தான் வீடு வீடாக் கேட்டு வாங்கினேன்" என்றார். பேனாவை வாங்கி இரண்டாவது வரியில் மெல்ல எழுதினார். எழுதி முடித்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் முழுசாக வரவில்லை. ஆனால் அவர் எழுதினார்.

வள்ளியம்மா லயத்துப் பக்கம் திரும்பி நடந்தாள். மற்றப் பெண்களும் பின்னாலேயே போனார்கள். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், யாரும் நிற்கவில்லை. ஆளுக்கு ஒன்று இரண்டாகப் பாட்டில்களைக் கொண்டு வந்து மானேஜர் காலடியில் வைத்தார்கள். எண்ணினேன். முப்பத்தேழு. எல்லாவற்றிலும் என் எழுத்து. எதிலும் இருமல் மருந்து இல்லை.

"கையுறையும் பூட்டுற பெட்டியும் வர்ற வரைக்கும் பம்பைத் தூக்க மாட்டோம்" என்றாள் வள்ளியம்மா. மகள் போனபிறகு அவள் குரலை நான் கேட்டது அப்போதுதான்.

கையுறையும் பெட்டியும் ஒன்பது நாளில் வந்தன. முன்பு மாதக்கணக்கில் வராதவை. மானேஜர் கையெழுத்து மட்டும் வரவில்லை. ஆபீசில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி ஜீப்பில் ஏறிவிட்டார்.

இப்போது எங்கள் கடையில் வேறு சட்டம். பழைய பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதிய பாட்டில். திரும்பி வருவதை லேபலோடு சேர்த்துப் பின்கட்டில் நானே சுத்தியலால் உடைக்கிறேன். ஒவ்வொரு பாட்டிலுக்கும் எனக்குக் கோபம் புதிதாக வருகிறது. குறையும் என்றார்கள், குறையவில்லை.

நவம்பரில் மானேஜரே கடைக்கு வந்தார். தோட்டத்து ஆலைக்கு ஆசிட் வேண்டும், கிராணியை இரண்டு தடவை நான் திருப்பி அனுப்பியிருந்தேன். விஷப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்து, மூன்றாவது வரியில் விரலை வைத்தேன்.

"முதல்ல இது. அப்புறம் ஆசிட்."

அவர் குனிந்து வாசித்தார். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர் மாதிரி வெகுநேரம் வாசித்தார். பேனாவைக் கையில் எடுத்தார். பிறகு அதைக் கவுண்டரில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். இப்போது அவர்கள் ஆசிட்டுக்குக் கிள்ளான் போகிறார்கள்.

அவர் வாசலைத் தாண்டும்போது வாப்பாவைப் பார்த்தேன். வழக்கம்போல நிறுத்தி, புள்ளைக்குக் கொஞ்சம் சூடு என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். வாப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஜீப் போன சத்தம் ஓய்ந்த பிறகுதான் பேசினார்.

"ஜெய்பு, அந்தப் பக்கத்த மூடாதே. அப்படியே இருக்கட்டும்."