இதர: பதினைந்தாயிரம்

லிப்ட் மெக்கானிக்குக்கு ‘ஓனர்’ என்று பேர் விழுந்து ஒரு வருஷம் ஆகிறது. வைத்தது கம்பெனி ஆட்கள். சொந்தமாக ஒரு செங்கல் கூட இல்லாத மனிதர், மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும், “வீடு வாங்கறது பெரிசில்லப்பா, அந்த வீடு நமக்குச் சம்பாதிச்சுப் போடணும்” என்று ஆரம்பித்துவிடுவார். வேறு என்ன பேர் வைப்பார்கள்?

அவர் பொறுப்பில் எழுபத்து மூன்று லிப்ட்டுகள். கட்டடங்களின் பேரோ தெருவோ அவருக்கு ஞாபகம் நிற்காது. எல்லாம் நம்பர்தான். “பதினெட்டுல கதவு இழுக்குது, நாற்பத்தொண்ணுல பெல்ட் தேஞ்சிருக்கு” என்பார். ஆனால் எந்த நம்பரில் எந்த மாடி என்ன வாடகைக்குப் போகிறது என்று கேளுங்கள், மூச்சு விடாமல் ஒப்பிப்பார். தன் வீட்டுக் கரண்ட் பில் எவ்வளவு என்று கேட்டால் மட்டும், “அவ சொல்லுவா, நான் கட்டுவேன்” என்பார்.

இந்தப் பைத்தியத்தை ஏற்றிவிட்டது சகலை. மனைவியின் அக்கா புருஷன், வீட்டுத் தரகர். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு ஹோட்டல் கூடத்தில் நடக்கும் ‘பத்து வருஷத்தில் பத்து வீடு’ வகுப்பில் ஓனரைச் சேர்த்துவிட்டவர் அவர்தான். அங்கே கோட்டு போட்ட ஒருவர் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே பேசுவார். முந்நூறு பேர் பச்சைப் பேனாவால் எழுதிக்கொள்வார்கள். நியாயமாகச் சொல்ல வேண்டும், அவர்கள் கொடுத்த புத்தகத்தின் முதல் பாடம், ‘உங்கள் சம்பளம் எங்கே போகிறது என்று ஒரு மாதம் எழுதுங்கள்’ என்பதுதான்.

“அது சின்னப் பசங்க பாடம், சகல. நேரா ஏழாவதுக்கு வாங்க” என்றார் சகலை.

ஏழாவது பாடம்: ‘அடுத்தவர் பணத்தில் வீடு வாங்குவது எப்படி.’ ஓனர் அதை நாலு தடவை படித்தார். அடுத்தவர் யார் என்று யோசித்தார். வீட்டிலேயே ஒருவர் இருந்தார்.

ஓனரின் மனைவிக்கு ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் வேலை. ஒன்பது வருஷமாக, மற்றவர்கள் லீவு போட்ட நாளிலெல்லாம் உட்கார்ந்து, கூடுதல் நேரச் சம்பளத்தைத் தனியாக எடுத்து வைத்து, தன் பேரில் வங்கியில் ஆறு லட்சம் போட்டிருந்தாள். மகள் பள்ளி முடித்ததும் என்ன படிக்கக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது என்பது அந்த ஆறு லட்சத்தின் அர்த்தம்.

சகலை ஒரு வீட்டைக் கொண்டுவந்தார். நாலாவது மாடி, ஒரு படுக்கையறை, விற்கிறவருக்கு அவசரம், விலை சல்லிசு. சனிக்கிழமைக்குள் ஆறு லட்சம் அட்வான்ஸ், மீதிக்கு வங்கிக் கடன். ஓனர் போய்ப் பார்த்தார். அட, நம்ம நாற்பத்தொண்ணு! மாதம் தவறாமல் ஏறி இறங்குகிற லிப்ட். இதைவிட நல்ல சகுனம் வேறு வேண்டுமா?

அன்று சாயங்காலமே மனைவி முன்னால் வங்கிப் படிவத்தை வைத்தார். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஒரு கையெழுத்துதான்.”

“போடறேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு எழுதுங்க. போன மாசச் சம்பளம் எங்க போச்சுன்னு.”

“என்னம்மா இது, சின்னப் பசங்க பாடம்...”

“அப்ப சுலபமாத்தானே இருக்கும்? எழுதுங்க.”

ஓனர் பச்சைப் பேனாவை எடுத்தார். சம்பளம் நாற்பதாயிரம். வாடகை பதினாலு. பள்ளிக்கூடம் ஐந்து. பைக் தவணை நாலு. கரண்ட், தண்ணி, போன் இரண்டு. மளிகை அவள் சம்பளத்தில். அதற்குமேல் பேனா ஓடவில்லை. கூரையைப் பார்த்தார், வெண்டைக்காயைப் பார்த்தார். பிறகு அழகான கையெழுத்தில் ‘இதர: பதினைந்தாயிரம்’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். கணக்கு நேராகிவிட்டது.

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள்.

“எங்க கவுண்டர்ல இதரன்னு ஐந்நூறு போட்டாலே சண்டைக்கு வருவாங்க தெரியுமா? பஞ்சு எத்தனை, கையுறை எத்தனைன்னு பிரிச்சுக் காட்டணும். நீங்க பதினைஞ்சாயிரத்தைத் தூக்கி உள்ள போட்டு மூடி வைச்சிருக்கீங்க. பிரிங்க.”

“இந்த டீ, வடை, பெட்ரோல்...”

“நீங்க என்ன, டீயில குளிக்கிறீங்களா?”

உள்ளேயிருந்து மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. “ஏய், படி!” என்று ஓனர் அதட்டினார். வேறு எதையும் அதட்ட அப்போது அவருக்கு இடமில்லை.

மூன்று நாள் ஆயிற்று. போனில் வந்த வங்கிச் செய்திகளை ஒவ்வொன்றாகக் கிளறினார். வகுப்புக் கட்டணத் தவணை நாலாயிரத்து ஐந்நூறு. அந்த வகுப்பைப் படமெடுப்பதற்காக வாங்கிய போனின் தவணை இரண்டாயிரம். வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரர் தலையில் கட்டிய இன்சூரன்ஸ் ஆயிரத்து ஐந்நூறு. அதில் யார் செத்தால் யாருக்குக் கிடைக்கும் என்று ஓனருக்குத் தெரியாது. முந்நூறு மாதா மாதம் போய்க்கொண்டிருந்தது. எதற்கென்று தேடினால், செலவுக் கணக்கு எழுதுவதற்கான ஒரு ஆப். பதினோரு மாதமாகப் பணம் போகிறது, ஒரு நாளும் திறக்கவில்லை.

பிறகு கிரெடிட் கார்டு, மூவாயிரம்.

“இது பரவாயில்ல. கார்டு பில்லை நான் ஒரு மாசம் கூட விட்டதில்ல” என்றார் ஓனர் பெருமையாக.

மனைவி பில்லை வாங்கிப் பார்த்தாள். “இங்க அறுபத்தோராயிரம்னு போட்டிருக்கே?”

“அது மேல இருக்கிறது. கீழ பாரு. ‘குறைந்தபட்சம் கட்ட வேண்டியது மூவாயிரம்.’ அதைத்தான் கட்டறேன். நம்மள மாதிரி ஒழுங்கா கட்டறவங்களுக்குக் குறைச்சுக் கொடுக்கறான்.”

அவள் கால்குலேட்டரை எடுத்தாள். இரண்டு வருஷத்தில் எழுபத்திரண்டாயிரம் கட்டியிருந்தார். நடுநடுவே கார்டைத் தேய்த்தது போக, அறுபத்து நாலாயிரமாக இருந்த கடன் அறுபத்தோராயிரத்தில் நின்றது.

“வருஷத்துக்கு நூத்துக்கு நாற்பது வட்டி கட்டறீங்க. அந்த வீடு வாடகையில நூத்துக்கு என்ன தரும்?”

ஏழாவது பாடம் படித்தவர் அல்லவா, சட்டென்று சொன்னார்: “நாலு.”

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. பேந்தப் பேந்த விழித்தார். டீயும் பெட்ரோலும் வெறும் மூவாயிரத்து எழுநூறுதான் என்று தெரிந்தபோது, பாவம், அந்த டீ மேல் அவருக்கு இரக்கமே வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை சகலை வாசலில் ஹாரன் அடித்தார். மனைவியும் படிவத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். “பார்க்காம எப்படிச் சொல்றது” என்றாள். ஓனருக்கு நம்பிக்கை துளிர்த்தது. ஆசை அவ்வளவு சீக்கிரம் விடுமா?

நாலாவது மாடியில், காலியான கூடத்தில், சகலை ஜன்னல் விளிம்பில் காகிதத்தை விரித்தார். அட்வான்ஸ் இவ்வளவு, பத்திரச் செலவு இவ்வளவு, வங்கிக்கு இவ்வளவு. கடைசி வரி: ‘இதர: இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.’

“எல்லாம் வழக்கமா வர்றதுதான். கொழுந்தியா, இங்க ஒரு கையெழுத்து.”

மனைவி பேனா மூடியைக் கழற்றினாள். ஓனரின் கண் அந்த வரியிலேயே ஒட்டிக்கொண்டது. மூன்று நாளாக அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் அவர் தோலை உரித்திருந்தார்கள்.

“சகல, இந்த இதரன்னா என்ன?”

“இதரன்னா... இதரதான், சகல.”

“பிரிங்க.”

“நமக்குள்ள என்ன சகல, போய் இதையெல்லாம்...”

“சும்மா பிரிங்க சகல. பஞ்சு எத்தனை, கையுறை எத்தனை?”

மனைவி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினாள். சகலை வியர்வையைத் துடைத்துக்கொண்டு பிரித்தார். அறுபதாயிரம் அவருடைய கமிஷன்.

“அத்தான், சொந்தக்காரங்ககிட்ட கமிஷனே கிடையாதுன்னீங்களே?” என்றாள் மனைவி.

“அது... பேப்பர் செலவு, கொழுந்தியா.”

மீதி ஒரு லட்சத்து எண்பதாயிரம், விற்கிறவர் மூன்று வருஷமாகக் குடியிருப்போர் சங்கத்துக்குக் கட்டாத பராமரிப்பு பாக்கி. வாங்குகிறவர் தலையில் விடியும்.

“இவர் ஒருத்தர் மட்டும் இல்ல, இங்க பாதிப்பேர் பாக்கிதான்” என்று சகலை சமாதானம் சொன்னார். “அதான் லிப்ட்டைக் கூட நிறுத்தப் போறாங்களாம். அதெல்லாம் சும்மா மிரட்டல், சகல.”

ஓனருக்குச் சுரீர் என்றது. தோள்பையைத் திறந்தார். ஸ்பானருக்கும் எண்ணெய் டப்பாவுக்கும் நடுவே பத்து நாளாக மடிந்து கிடந்தது கம்பெனிக் கடிதம். கட்டடத்தின் பேர் போட்டிருந்ததால் எந்தக் கட்டடமோ என்று உள்ளே செருகியிருந்தார். இப்போது வாசல் பலகையில் பார்த்த பேரும் கடிதத்துப் பேரும் ஒன்றாக இருந்தன. சங்கத்திடமிருந்து லிப்ட் ஒப்பந்தப் பாக்கி வராததால் முப்பதாம் தேதி லிப்ட்டை நிறுத்தவும். நிறுத்த வேண்டிய மெக்கானிக்: அவரே.

கடிதத்தை மனைவியிடம் நீட்டினார். அவள் படித்தாள். பேனாவை மூடினாள். ‘டக்’ என்ற அந்தச் சத்தம் காலிக் கூடத்தில் நன்றாகவே கேட்டது.

சகலை கோபித்துக்கொண்டு படி வழியாக இறங்கிப் போய்விட்டார். இவர்கள் இருவரும் லிப்ட்டில் இறங்கினார்கள்.

“இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு, வேற நல்ல வீடா...” என்று ஓனர் மெதுவாக இழுத்தார்.

“கார்டு தீரட்டும். உங்க பேர்ல உங்க பணம் சேரட்டும். என் ஆறு லட்சத்துப் பக்கம் மட்டும் பார்க்காதீங்க.” இரண்டாவது மாடி போயிற்று. “அந்த ஆப்புக்கு இன்னிக்கு முந்நூறு எடுக்கப் போறான். கீழ போறதுக்குள்ள நிறுத்துங்க.”

முப்பதாம் தேதி ஓனர் நாற்பத்தொன்றின் மெயின் சுவிட்சை இறக்கினார். வேலைச் சீட்டில் காரணம் என்ற கட்டம்: பழுது, சோதனை, இதர. பதினாலு வருஷமாக அவர் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்தது மூன்றாவதில்தான். அன்று அந்த ‘இதர’வைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ஓரத்தில் இடம் போதாமல் பின்பக்கம் வரை எழுதினார்: எத்தனை மாதப் பாக்கி, மாதத்துக்கு எவ்வளவு, யார் யார் தரவில்லை.

மானேஜர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்ன ஓனர், கடுதாசி எழுதியிருக்கீங்க?”

“ஓனர் இல்ல சார். வாடகை வீடு” என்றார் மெக்கானிக். “பதினாலாயிரம்.”