வலது கண்ணின் வெள்ளை

ஹாலின் தெற்குச் சுவரில் முறம் அகலத்துக்கு நான்கு இடங்களில் வெள்ளை அடித்துக் காட்டிவிட்டு, பெயிண்டர் கொளஞ்சி ஒதுங்கி நின்றார். நான்கும் நான்கு விதம். ஒன்று பால் நிறம், ஒன்றில் லேசாகச் சந்தனம், ஒன்று முட்டை ஓடு மாதிரி. கடைசியில் இருந்ததில் எதையும் கலக்கவில்லை, சுத்த வெள்ளை என்றார். கனகசபாபதி ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நின்று, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"நாலும் மஞ்சளாத்தான் இருக்குது. வெள்ளைன்னா வெள்ளையா இருக்கணும் கொளஞ்சி. நீலம் கொஞ்சம் ஜாஸ்தியா சேத்து அடி, பாப்போம்."

சமையலறை வாசலில் நின்ற மனைவி சிவகாமுவுக்கு அந்தக் குரல் பழக்கமானது. வேட்டியைப் பற்றிப் பேசும்போது வரும் குரல் அது.

யுனிவர்சிட்டி ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து கனகசபாபதி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை தவிர வேறெதுவும் உடுத்தியதில்லை. காலையில் குளித்து, திருநீறு பூசி, சிதம்பரம் கீழ வீதி வழியாகக் கோயிலுக்குள் போகும்போது நாலு பேர் பார்க்கும்படி இருப்பார். ஆனால் கொஞ்ச காலமாகவே, மடித்து வைத்த வேட்டியை எடுத்து விரித்ததும் முகம் சுளிக்க ஆரம்பித்திருந்தார். அழுக்குப் போகவில்லை, பழுப்பேறிக் கிடக்கிறது என்பார். சிவகாமு சோப்பை மாற்றினாள். கிணற்றுத் தண்ணீரை விட்டுவிட்டு முனிசிபாலிட்டித் தண்ணீரில் துவைத்தாள். வெந்நீரில் ஊற வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாணத்தில், பந்தியில் எல்லோரும் இலை முன் உட்கார்ந்திருந்தபோது, "இத்தன வருஷம் குடும்பம் நடத்தி ஒரு வேட்டிய வெளுக்கத் தெரியல இவளுக்கு" என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். யாரோ சிரித்தார்கள். சிவகாமு இலையில் ஓடிய பாயசத்தை அப்பளத்தால் அணை கட்டிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு சொட்டு நீலம் சொட்டுக் கணக்கில் இல்லாமல் மூடிக் கணக்கில் விழுந்தது. அப்போதுதான் அவர் வாயை மூடினார். அடுத்த விசேஷத்தில் அவருடைய தங்கை அவள் காதோரம் வந்து, "என்னா அண்ணி, அண்ணன் வேட்டி வானமாட்டம் இருக்குது" என்றாள். அதையும் வாங்கிக்கொண்டாள்.

இந்தப் பேச்சுகள்கூட அவளுக்குப் பெரிதில்லை. மொட்டை மாடியில் ஈர வேட்டியை உதறி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கும்போது, அது அவள் கண்ணுக்கு வெள்ளையாகத்தான் தெரியும். அப்படித் தெரிவதே தன் கண்ணில் ஏதோ கோளாறோ என்று நினைக்கத் தொடங்கியிருந்தாள். பூ வாங்கும்போதுகூட, முல்லை பழசா புதுசா என்று பூக்காரியிடமே கேட்டுக்கொண்டாள்.

சுனாமிக்கு முந்தின வருஷம் அடித்த பெயிண்ட். ஐந்து வருஷத்தில் சுவரெல்லாம் உதிர்ந்துவிட்டது. மகன் ராஜகணேஷுக்குப் பண்ருட்டியில் பெண் பேசி முடித்தாயிற்று. தை பிறந்ததும் பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். அதற்குள் வேலை முடிய வேண்டும். கொளஞ்சி நீலம் கூட்டி ஐந்தாவதாக ஒன்று அடித்தார். கனகசபாபதி, "இப்பத்தான் வெள்ளையா இருக்குது. இதையே அடி" என்றார். ஹாலுக்கு ஐஸ் கம்பெனியின் களை வந்துவிட்டது போல சிவகாமுவுக்குப் பட்டது. கொளஞ்சி தலையைச் சொறிந்துகொண்டு, திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேன் என்று போனார்.

ஞாயிற்றுக்கிழமை கடலூரிலிருந்து மகள் கார்த்யாயினி வந்தாள். திருப்பாதிரிப்புலியூரில் டீச்சர். செருப்பைக் கழற்றியபடியே சுவரில் ஐந்தாவதாக அடித்திருந்ததைப் பார்த்தவள், ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கிறதே என்றாள். இது ஒன்றுதான் வெள்ளை, மற்றதெல்லாம் மஞ்சள் என்றார் அப்பா. அவள் கைப்பையிலிருந்து எழுதாத வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இது என்னா கலருப்பா?"

"பழுப்பு. பழைய தாளு."

கார்த்யாயினி தாளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். சிவகாமுவின் கையில் அவர் வேட்டிதான் இருந்தது, பாதி மடித்தபடி.

கடலூரில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, இரண்டு கண்ணிலும் புரை நன்றாக முற்றிவிட்டது, அதன் வழியாகப் பார்த்தால் எல்லாமே மஞ்சளாகத்தான் தெரியும் என்றார். வலது கண்ணுக்கு இப்போது ஆபரேஷன், இடது கண்ணுக்குப் பொங்கல் கழித்து என்று முடிவானது. கொளஞ்சிக்கு வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லி போன் போட்டார்கள்.

கட்டுப் பிரித்து வந்த அன்று, மகள் வீட்டில் கனகசபாபதி குளிக்காமல் உடம்பை மட்டும் துடைத்துக்கொண்டு, உடுத்த வேட்டி கேட்டார். சிவகாமு பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை மடியில் போட்டு, இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, வெகு நேரம் பார்த்தார்.

"இது யார்து?"

"உங்களுதுதான்."

"நீலமா இருக்குதே."

"நீங்க கேட்ட கலருதான்" என்றாள் சிவகாமு.

அவர் அந்த வேட்டியையே கட்டிக்கொண்டார். சிதம்பரம் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வயலில் கொக்கு கண்ட இடத்திலெல்லாம் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்ப்பதும், மாற்றி மூடிப் பார்ப்பதுமாக வந்தார். எதிர் சீட்டுக்காரர் வேடிக்கை பார்த்தார். சிவகாமு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவது போல இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் நேராகத் தெற்குச் சுவருக்குப் போனார். ஐந்தாவதாக அடித்ததன் முன்னால் அதிக நேரம் நிற்கவில்லை. சிவகாமு அவருக்குப் பின்னால் வந்து நின்று, பஸ்ஸிலிருந்தே கேட்க நினைத்திருந்ததைக் கேட்டாள்.

"பழைய கண்ணுல எப்படித் தெரியுது? அந்தச் சுத்த வெள்ளைன்னு சொன்னது?"

அவர் வலது கண்ணை மூடினார். "மஞ்சளாத்தான் தெரியுது, சிவகாமு. வெத்தலக் காவி பட்ட துணியாட்டம்."

அவர் பொய் சொல்லியிருக்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டதும் பாரம் இறங்கும் என்று அவள் நினைத்திருந்தாள். கொஞ்சம் இறங்கத்தான் செய்தது. ஆனால் குறிஞ்சிப்பாடிப் பந்தி அப்படியே இருந்தது. அதில் சிரித்தவர்களின் கண்ணில் புரை இல்லை.

"எனக்குச் சரியா வெளுக்கத் தெரிஞ்சுதான் இருந்திருக்குது" என்றாள்.

"ம்" என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே, "நீயே சொல்லு. எத அடிக்கலாம்?"

இவ்வளவு நாளும் அவள், எது அவர் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் என்றுதான் யோசித்திருக்கிறாளே தவிர, தனக்கு எந்த வெள்ளை பிடிக்கும் என்று யோசித்ததே இல்லை. மறுநாள் வேலைக்கு நடுவே போகும்போதும் வரும்போதும் பார்த்தாள். காலை வெளிச்சத்தில் பால் நிறம் நன்றாக இருந்தது. மத்தியானம் அது கண்ணைக் கூச வைத்தது. முட்டை ஓட்டு நிறம் எந்த நேரத்திலும் தன்னைப் பார் என்று கூப்பிடவில்லை. அரிசி களைந்த கையோடு அதன் பக்கத்தில் நின்றபோது, இங்கே நாற்காலியைப் போட்டு உட்காரலாம் என்று தோன்றியது.

கொளஞ்சியிடம் சொன்னபோது, அய்யாவை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமா என்றார்.

"அய்யாவுக்கு இன்னொரு கண்ணு பாக்கி இருக்குது. நீங்க அடிங்க."

சாமான்களையெல்லாம் தாழ்வாரத்தில் அடுக்கிவிட்டு ஹாலைக் காலி செய்து கொடுத்தார்கள். மதியத்துக்குள் தெற்குச் சுவர் முழுக்க ஒரு கோட் ஏறிவிட்டது. ஈரத்தில் அது அவள் தேர்ந்தெடுத்த நிறமாகவே இல்லை. கஞ்சி கொட்டியது போல மங்கிக் கிடந்தது. காய்ந்தால்தான் நிறம் தெரியும் என்று சொல்லிவிட்டு கொளஞ்சி டீ குடிக்கப் போனார். சிவகாமுவுக்கு லேசாகப் பயம் பிடித்தது. தப்பாகப் போனால் இது அவளுடைய தப்பு மட்டும்தான். அந்தப் பயம் புதிதாக இருந்தது. அதை அவள் வெறுக்கவில்லை.

கனகசபாபதி வந்து பக்கத்தில் நின்றார். மேலே, வென்டிலேட்டரை ஒட்டிச் சுவர் காய ஆரம்பித்திருந்தது. ஒரு சாண் அகலத்துக்கு ஈரம் விலகி, உள்ளிருந்து நிறம் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். பார்ப்பதற்குக் கையைத் தூக்கியவர், எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியாதவர் போல, உள்ளங்கையை முகத்துக்கு நேராக அப்படியே பிடித்திருந்தார்.