நான்கு நாள் பதில் விடுப்பு

செத்துப்போன டெய்க் செங்குக்கு இன்னும் நான்கு நாள் விடுப்பு மிச்சமிருந்ததால், ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி ஃபெரியில் பினாங்கில் வந்து இறங்கி, வீட்டுக்கு நடந்து போனார். இறந்து அப்போது மூன்று மாதம். முப்பத்தொரு வருடம் அதே ஃபெரியில், அது கரை சேரும்போதெல்லாம் கயிறு கட்டியவர். நோன்புப் பெருநாளன்று கூட வேலை செய்யும் ஜம்ஹாரிக்காக வேலைக்கு நின்றார், தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் சன்னாசிக்காக நின்றார், கிறிஸ்துமஸுக்குக் கேட்டவருக்கெல்லாம் நின்றார். பண்டிகையில் வேலை பார்த்தால் பதிலுக்கு வேறொரு நாள் விடுப்பு உண்டு. அதை அவர் எடுத்ததே கிடையாது. காலாவதியானது போக மிஞ்சிய நான்கு நாளை எப்போது எடுப்பதாக உத்தேசம் என்று அலுவலகத்திலிருந்து வழக்கம்போல் கடிதம் வந்தது. அவர் மனைவி குவாட் ஹோங் எரிச்சலில் ஏதோ ஒரு தேதியை எழுதி அனுப்பினாள். அந்தத் தேதியில்தான் அவர் வந்தார்.

முதல் நாளைக் குழாய் ரிப்பேரிலேயே தீர்த்துவிட்டார். "யோவ், செத்தும் கை சும்மா இருக்காதா உனக்கு? வந்து உக்காருய்யா" என்று அவள் கத்தியது எதிர்வீட்டுக்குக் கேட்டது. இரண்டாம் நாளுக்கு அவள் வேறொரு தேதி எழுதி அனுப்பினாள்; வந்தவர் செருப்பைக் கழற்றியதும் படுத்தார், சாயங்காலக் கடைசி ஃபெரிக்குத்தான் எழுந்தார். மூன்றாம் நாள், தானே எழுதி அனுப்பிய தேதியை மறந்து அவள் ஈப்போவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது, துணி மடித்திருந்தது. புருஷன் இறந்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

மிச்சம் ஒரு நாள். அதை எதற்கு வைத்துக்கொள்வது என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. சீனப் பெருநாளுக்கு முந்தின இரவு குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அந்தச் சாப்பாட்டுக்கு அவர் ஒருமுறைகூட வீட்டில் இருந்ததில்லை. ஊருக்குப் போகிறவர்கள் கூட்டத்தில் ஃபெரி நிரம்பி வழியும் நாள் அது. பிள்ளைகள் இல்லாத வீடு. முப்பத்தொரு தடவையும் அவளும் ஒரு காலி நாற்காலியுமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். விடுப்புப் பகுதி மிஸ் ரொசாரியோ படிவத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"முந்தின நாளு யாருக்கும் லீவு கிடையாதுக்கா. செத்தவருக்கு மட்டும் குடுத்தா, உசுரோட இருக்கவங்க என்னைச் சும்மா விடுவாங்களா?"

சீனக் கணக்கில் ஆவிகள் வரும் ஏழாம் மாதத்தில் எப்படியும் வருவாரே என்று சிலர் சொன்னார்கள். அவள் அதையும் முன்பே அவரிடம் கேட்டிருந்தாள். "அந்த மாசம் அங்க கூட்டம் தாங்காது. கயிறு கட்ட ஆளு வேணாமா?" என்றிருக்கிறார். திருந்தாத மனுஷன்.

ஆகவே அவள் பெருநாளை நகர்த்தினாள். ஜூலை பதினேழு, புதன்கிழமை. வாசலில் சீனப் பெருநாளின் சிவப்பு விளக்கு ஏறியதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர்கள், நமக்கேன் வம்பு என்று தாங்களும் ஏற்றினார்கள். கோழி மட்டும்தான், பன்றி இல்லை என்று அவள் சொல்லியனுப்பியதால் ஜம்ஹாரியின் மனைவி தன் பெரிய சட்டியையே கொடுத்துவிட்டாள். சன்னாசி ஒரு கூடை ஆரஞ்சுக்காகச் சந்தை முழுக்க அலைந்தான். சாயங்காலம் சிங்க நடனக்காரர்கள், யாரும் கூப்பிடாமலே, மேளத்தோடு தெருவுக்குள் வந்தார்கள். டெய்க் செங் சீருடை மாற்றி, மேசையில் தன் நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று கிண்ணம் சூப் குடித்தார். குவாட் ஹோங் ஒரு பருக்கை சாப்பிடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசி ஃபெரிக்குக் கிளம்பும்போது, "நல்லாருந்துச்சு" என்றார். முப்பத்தொரு வருடத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. விடுப்புப் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேராக மிஸ் ரொசாரியோ கோடு போட்டு மூடினாள்.

அடுத்த வருடம் ஜூலையில் கறிக்கடைக்காரர், "பெருநாளு வருதே, கோழி எத்தனை?" என்று கேட்டபோது குவாட் ஹோங் காலிக் கூடையோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அந்தப் பதினேழாம் தேதி அவள் விளக்கு ஏற்றவில்லை. காலையில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு வெளியே வந்தால், டெய்க் செங் நிற்கிறார், பின்னால் ஜம்ஹாரி நெளிந்துகொண்டு நிற்கிறான்.

"என் லீவுல ஒண்ண அண்ணன் பேருக்கு மாத்தி எழுதிட்டேன் அண்ணி. எத்தனை பெருநாளு எனக்காக நின்னிருக்காரு. ரொசாரியோ அம்மாவும் ஒரே டிபார்ட்மெண்ட்தானேன்னு கையெழுத்துப் போட்டுடுச்சு."

"ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக்கூடாதா? வீட்டுல ஒரு கோழி இல்ல!" என்று சீறிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கடைக்கு ஓடினாள்.

மறு வருடம் சன்னாசியின் முறை. அதற்குப் பிறகு பதினோரு பேர் வரிசையில் இருக்கிறார்கள், இரண்டு பேர் சண்டையே போட்டார்கள். அந்தத் தெருவில் இப்போது ஜூலை பதினேழு என்றால் விடுமுறைதான். போன வருடம் ஃபெரி இருபது நிமிடம் தாமதம். வந்ததும் குடிக்க வைத்திருந்த சூப் ஆறிவிட்டது என்று டெய்க் செங் முணுமுணுத்தார், வேணும்னா நீயே சுட வச்சுக்கோ என்றாள் குவாட் ஹோங்.